இருமுறை ஏமாந்தால்தான் காய்

காலையில் எழுந்ததும் உலகம்மாள் செய்கிற முதல் வேலை, காதின் பின்னால் மெய்மணியை ஒட்டிக்கொள்வது. மிளகளவுதான் இருக்கும். அதை ஒட்டிக்கொள்ளாமல் இன்னொருவர் எதிரே நிற்பது இடுப்பில் துணியில்லாமல் நிற்பதற்குச் சமம் என்று ஊரும் உலகமும் எப்போதோ முடிவுகட்டிவிட்டன. அந்த மலையில் எதிரே வந்து நிற்க ஓர் ஆள் கிடையாது என்பது வேறு விஷயம். மாதக்கணக்கில் அவள் காதில் அது ஒருமுறைகூட ஒலித்ததில்லை. ஒலிக்க வேண்டுமென்றால் யாராவது பேச வேண்டுமே! இருந்தாலும் பழக்கம் விடுமா? ஒட்டிக்கொள்வாள். பாலில்லாமல் கட்டஞ்சாயா போட்டுக் குடிப்பாள். பிறகு பாறைச்சரிவுக்கு ஏறுவாள்.

பொதிகையின் உச்சிக்குச் சற்றுக் கீழே, புல்லுக்கும் பாறைக்கும் நடுவில் மிதியடிப்பூச் செடிகள் தரையோடு படர்ந்து கிடந்தன. செருப்பு ஆர்க்கிட் என்று கீழே சொல்வார்கள். புத்தகப் பெயர் பாஃபியோபெடிலம் ட்ரூரியை. மஞ்சள் பூ. இதழ்களின் நடுவே மைக்குச்சியால் இழுத்துவிட்டதுபோல் ஒரு பழுப்புக் கோடு. கீழே, செருப்பின் முன்பக்கம் மாதிரி குழிந்த ஒரு பை. பூமியில் இந்தப் பூ தானாக முளைக்கிற இடம் இந்த மலை ஒன்றுதான்.

அதன் சொந்தபந்தமெல்லாம் எங்கே என்று கேட்டால் சிரிப்பு வரும், யோசித்தால் அழுகை வரும். அஸ்ஸாமில் இருக்கிறது, அருணாசலப் பிரதேசத்தில் இருக்கிறது, பர்மா, சீனா, போர்னியோ என்று பங்காளிகள் கிளைகிளையாகப் பரவிக் கிடக்கிறார்கள். இமயத்தின் குளிரில் ஒன்றுவிட்ட உறவுகள் உண்டு. கடல் தாண்டி அமெரிக்காவில்கூட உண்டு. ஆப்பிரிக்காவில் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இருக்கிற இலங்கையிலும் இல்லை. பொதிகைக்கும் அஸ்ஸாமுக்கும் நடுவில் இத்தனை மலை இருந்தும் ஒரு செடி கிடையாது. அகத்தியர் வடக்கிலிருந்து நடந்து வந்த களைப்பில் ஒற்றைச் செருப்போடு வந்துவிட்டார், மற்றது அங்கேயே கிடக்கிறது என்று உலகம்மாள் படிக்கிற காலத்தில் ஒரு வேடிக்கை சொல்வாள். இப்போது அந்த வேடிக்கையைச் சொல்லக் கேட்பதற்கும் ஆளில்லை.

சூரியன் ஏறியதும் தூதீக்கள் வந்தன. நிஜ ஈயும் தேனீயும் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றின் வேலையைச் செய்யப் படைக்கப்பட்ட இயந்திர ஈக்கள் இவை. மகரந்தத்தைத் தூது கொண்டுபோவதால் தூதீ. நாவல், ஏலம், காட்டுக் காசித்தும்பை என்று ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. தேனைத் துளி உறிஞ்சி, அதையே எரிபொருளாக்கிக்கொண்டு பறந்தன. மிதியடிப்பூக்களின் மேலே வந்ததும் ஒரு விரற்கடை உயர்ந்து, தாண்டிப் போய்விட்டன.

தாண்டாமல் என்ன செய்யும்? மிதியடிப்பூவில் சொட்டுத் தேன் கிடையாது. வண்ணத்தையும் வாசனையையும் காட்டி வரவழைத்து, வெறுங்கையோடு அனுப்புகிற பூ அது. அந்தக் காலத்து ஈ ஏமாந்தது. தூதீ ஏமாறாது. ஒரு தூதீ எங்கோ ஒருமுறை வெறும்பூ என்று குறித்துவிட்டால் போதும், மலையிலுள்ள அத்தனைக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும்.

"வாங்கடி வாங்க. ஒருத்தியாவது வந்து ஏமாந்தா என்ன குறைஞ்சா போவிய?" என்று உலகம்மாள் அவற்றைப் பார்த்துக் கத்தினாள். அவை போகிற போக்கில் போய்க்கொண்டிருந்தன.

கையால் மகரந்தம் சேர்த்துவிட அவளுக்குத் தெரியாதா? ஒரு பல்குத்தும் குச்சி போதும். ஆனால் வனத்துறையின் விதி வேறு மாதிரி. மனிதக் கை பட்டால்தான் காய்க்கும் என்கிற செடி, தானாய் வாழும் இனம் ஆகாது. அதைப் பெயர்த்து வடக்கே இருக்கிற குளிர்க்காப்பகத்தில் வைத்துவிடுவார்கள். கண்ணாடிக்குள் உயிரோடிருக்கும், அவ்வளவுதான். இந்தப் பூப்பருவம் வரை தவணை கொடுத்திருந்தார்கள். பருவம் முடிவதற்குள் ஒரு பூவாவது தூதீயால் கருக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் செடிகள் வடக்கே, அவள் வேலை பார்க்கிற மலைநிலையத்துக்குப் பூட்டு, உலகம்மாள் கீழே. கீழே யார் இருக்கிறார்கள் அவளுக்கு? போய் வருகிறேன் என்று ஒருவரும் சொல்ல முடியாத ஊர்தான் இருக்கிறது.

அன்று மதியம் இழுவைக்கூண்டு கம்பிவடத்தில் முனகிக்கொண்டு ஏறி வந்தது. வழக்கமாக அரிசியும் பருப்பும் மட்டும் வரும். கதவு திறந்ததும் தோளில் கருவிப்பையோடு ஓர் ஆள் இறங்கினான். தூதீ பழுதுபார்க்கும் பொறியாளர் வேண்டும் என்று அவள் கேட்டு மாதங்களாகியிருந்தன. வந்திருப்பது சொரிமுத்து என்று தெரிந்ததும், கையிலிருந்த கொத்துக் கரண்டி கீழே விழுந்துவிட்டது. அவள் புருஷன். விட்டுப் போனவன்.

இரண்டு பேரும் நின்றார்கள். பழைய காலமாக இருந்தால், "சாப்ட்டியளா?" என்று கேட்டு, "ஆச்சு ஆச்சு" என்று அவன் பட்டினியோடு பொய் சொல்லி, அந்தச் சந்தடியில் முதல் நிமிடம் கடந்திருக்கும். மெய்மணி வந்தபிறகு அதெல்லாம் ஒழிந்தது. எதிராளி பொய் சொன்னால் கேட்பவர் காதுக்குள் கிண்ணென்று ஒலிக்கும். வேறு யாருக்கும் கேட்காது. ஆனால் கேட்டவர் கண் ஒரு கணம் சுருங்கும், அதை மறைக்க முடியாது. முதலில் எல்லோரும் கொண்டாடினார்கள். கத்தரிக்காய்க்காரர் இன்றைக்குப் பறித்தது என்று சொல்லத் தயங்கினார். அரசியல் மேடைகள் அடங்கின. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்ற பேச்சே போய், கல்யாணங்களும் குறைந்தன. பிறகுதான் மெல்ல மெல்லத் தெரிந்தது. நல்லா இருக்கேன் என்று சொல்ல ஆளில்லை. துக்க வீட்டில் எல்லாம் சரியாயிரும் என்று சொல்ல ஆளில்லை. நிச்சயமானதை மட்டும் பேசலாம் என்றால், மனிதனுக்கு நாளொன்றுக்கு எத்தனை வாக்கியம் தேறும்? ஊர் வாயை மூடிக்கொண்டது.

"துறையில அனுப்பினாங்க," என்றான் சொரிமுத்து.

கிண்.

அவள் கண் சுருங்கியதை அவன் பார்த்துவிட்டான். காதைச் சொறிந்துகொண்டான். "சரி. நானேதான் கேட்டு வந்தேன்."

மணி அடிக்கவில்லை. உலகம்மாள் குனிந்து கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக இரண்டு பேருக்குச் சாயா!

அவன் விட்டுப்போன கதை ஊரில் சிரிப்பாய்ச் சிரித்த கதை. அம்பாசமுத்திரத்தில் வீடு. கீழைக்கடலில் மிதக்கும் பண்ணை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வாசல்படியில் நின்று, "போயிட்டு வாரேன்" என்றான். இப்போது யார் அப்படிச் சொல்கிறார்கள்? தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவதுதான் வழக்கம். அவன் பிரியத்தில் சொல்லிவிட்டான். அவள் காதில் மணி ஒலித்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்து அவனுக்குத் திக்கென்றது. மறுபடி சொன்னான். மறுபடி ஒலித்தது. தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக இன்னொரு தடவை சொன்னான். அதற்கும் ஒலித்தது. கடைசியில், திரும்பி வராதவர்களைத் தவிர தமிழ் வீட்டில் யாரும் சொல்லக்கூடாத அந்தச் சொல்லைச் சொன்னான்.

"போறேன்."

மணி அடிக்கவில்லை. அவன் போனான். அவள் தடுக்கவில்லை. மணி சொன்னபிறகு தடுப்பதற்கு என்ன இருக்கிறது? அவனும் எழுதவில்லை. உலகம்மாள் மலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

சாயா குடித்துவிட்டு இருவரும் சரிவுக்குப் போனார்கள். வேலை இருந்ததால் பேச்சு வந்தது.

"இது எப்படித்தான் காய்க்கும்? சொல்லு. எனக்கு ஈயத் தெரியும், பூவத் தெரியாது," என்றான்.

உலகம்மாள் ஒரு பூவைத் தொடாமல் விரலால் காட்டினாள். "இந்தா மேல இருக்கு பாருங்க, பளபளன்னு, கேடயம் மாதிரி. அதுல வந்து ஈ உக்காரும். வழுக்கும். பைக்குள்ள விழுந்துரும். உள்சுவரெல்லாம் எண்ணெய் தடவின மாதிரி. ஏற முடியாது. பின்பக்கம் மட்டும் முடி இருக்கு, அதப் பிடிச்சு ஏறினா ரெண்டு ஓரத்துலயும் சின்ன ஜன்னல். அது வழியா நெருக்கிக்கிட்டு வெளிய வரும்போது முதுகுல மகரந்தம் ஒட்டிக்கிடும்."

"அப்ப காய்ச்சிருமா?"

"எங்க காய்க்கும்! ஒட்டினதோட இன்னொரு பூவுக்குப் போவணும். அங்கயும் வழுக்கி விழணும். அந்தப் பூவோட ஜன்னல்ல மொதல்ல சூல்முடி, அப்புறந்தான் மகரந்தம். சூல்முடியில முதுகு உரசினாத்தான் காய்." அவள் நிமிர்ந்தாள். "ஒரு தடவ ஏமாந்தா பிரயோசனமில்ல. பட்ட பொறவும் ரெண்டாந்தடவ ஏமாறணும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

சொரிமுத்து பையிலிருந்து ஒரு தூதீயை எடுத்தான். கூட்டத்தோடு பேசும் அதன் தொடர்பை அறுத்து, வெறும்பூ என்ற பழைய குறிப்பையும் அழித்துவிட்டுப் பறக்கவிட்டான். அது நேரே முதல் பூவுக்குப் போனது. உட்கார்ந்தது. வழுக்கியது. பைக்குள் தொபுக்கென்று விழுந்தது. உலகம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். உள்ளே கீறுகிற சத்தம். பிறகு ஓர ஜன்னலில் தலை தெரிந்தது. முதுகில் மஞ்சள் பசையோடு வெளியே வந்தது.

"ஏ ஆத்தா! ஒட்டிருக்கு!" என்றாள்.

தூதீ பறந்தது. இரண்டாம் பூவின் மேலே வந்தது. ஒரு விரற்கடை உயர்ந்து தாண்டிப் போய்விட்டது. அடுத்த பூவையும் தாண்டியது. சூடு கண்ட பூனை.

"திரும்பவும் அழிச்சு விடுங்களேன்."

"நடுவுல நம்ம கை பட்டா கணக்குல சேராதுன்னு உனக்குத் தெரியாதா?" அவன் ஒரு பாறையில் உட்கார்ந்தான். திரும்பி வந்த அந்தத் தூதீயை வெகுநேரம் கையில் வைத்துப் புரட்டினான். "இதுக்குள்ள மெய்ச்சில்லு இருக்கு. அது இருக்கிற வரைக்கும் ரெண்டாந்தடவ உள்ள போவாது."

"மெய்ச்சில்லா?"

"உன் காதுல இருக்கே, அதே சில்லுதான். ஒரே அச்சு. இதுல பூவ அளக்கும், அதுல குரல அளக்கும்." நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான். "ஒண்ணு சொல்லுதேன் கேளு. கடல்ல இருக்கும்போதுதான் இந்தச் சில்லப் பிரிச்சுப் படிச்சேன். அதுக்குப் பொய்யக் கண்டுபிடிக்கத் தெரியாது. தயக்கத்தத்தான் தெரியும். குரல்ல ஒரு நூல் நடுங்கினாப் போதும், பொய்னு அடிச்சிரும்."

உலகம்மாள் காதுக்குள் அமைதியாக இருந்தது. அவன் நிச்சயமாகத்தான் சொல்கிறான்.

"அப்ப அன்னைக்கு..." என்றாள்.

"அன்னைக்கு எனக்குப் பயம். புயல் காலம். பண்ணை ஒண்ணு முந்தின மாசந்தான் கவுந்திருந்துச்சு. உங்கிட்ட சொல்லல. திரும்பி வந்து சேருவமான்னு ஒரு சந்தேகம். மொத தடவ அதுக்கு அடிச்சுச்சு. பொறவு அடிச்சிருமோங்கிற பயத்துக்கே அடிச்சுச்சு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் அவள். "ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்லா? மூணு வருசம். ஈயோட பேசிக்கிட்டுக் கிடக்கேன் நான்."

"எனக்கே தெரியலட்டி. மணி சொல்லுதே, நமக்கே தெரியாம மனசுல அப்படித்தான் இருக்கும்போலன்னு நானும் நம்பிட்டேன்."

அதுதான் அந்தக் காலத்து மனிதர்கள் செய்த பிழை. அடுத்தவரை மணியை வைத்து அளந்தது போதாதென்று, தன்னையும் அதை வைத்தே அளந்தார்கள். உலகம்மாள் முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அப்போது அவன், இப்போதும் உன்மேல் பிரியம்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், நாக்கு தடுமாறினால், அடித்துவிடுமே! அவளும் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்ல வேண்டிவருமே!

மறுநாள் காலை அவன் தூதீயின் தலையைத் திறந்து சில்லைப் பிடுங்கி எடுத்தான்.

"இனி இத கூட்டத்துல சேக்க முடியாது. தேன் இருக்கு இல்லன்னு கணக்குப் பாக்காது. கண்ட பூவுலயும் போய் விழும். உள்ள இருக்கிற தேன் தீர்றவரைக்கும் பறக்கும்."

"நிஜ ஈ அப்படித்தான இருந்துச்சு," என்றாள் உலகம்மாள்.

பறக்கவிட்டான். அது குடிகாரனைப்போல் அலைந்தது. பாறையில் முட்டியது. புல்லில் உட்கார்ந்தது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வெயில் ஏறியபோது ஒரு மிதியடிப்பூவின் கேடயத்தில் போய் உட்கார்ந்து வழுக்கி விழுந்தது. முட்டி மோதி வெளியே வந்தது. முதுகில் பசை. பறந்து, வட்டமடித்து, வேறொரு செடியின் பூவுக்கு நேரே வந்தது. உலகம்மாள் தன்னையறியாமல் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தூதீ உயரவில்லை. தாண்டவில்லை. முதல்முறை போலவே, ஒன்றுமே நடக்காதது போலவே, உட்கார்ந்தது. விழுந்தது.

ஓர ஜன்னலில் அது நெருக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, முதுகில் இருந்த பழைய பசை இல்லை. சூல்முடியில் இருந்தது.

"விழுந்துட்டா! ரெண்டாந்தடவையும் விழுந்துட்டா, மூதேவி!" என்று உலகம்மாள் கூவினாள். எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது சத்தம். மூன்று வருஷத்தில் அவ்வளவு உரக்க அவள் பேசியதில்லை. சொரிமுத்து சிரித்தான். சிரிப்புக்கு மணி அடிப்பதில்லை.

தூதீயின் கண்ணில் பதிந்த படம் துறைக்குப் போனது. சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. காய் பிடித்தால் தானாய் வாழும் இனம், செடிகள் மலையிலேயே இருக்கலாம். கூடவே இன்னொரு வரியும் இருந்தது. கடலில் பண்ணைத் தூதீக்கள் கொத்தாகப் பழுதாகியிருக்கின்றன, பொறியாளர் நாளைய கூண்டிலேயே இறங்க வேண்டும்.

கூண்டு வந்தது. பையில் மிச்சமிருந்த தூதீக்களையும் சில்லு பிடுங்கி, ஒரு டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்திருந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான். அதே பை. வாசல்படிதான் வேறு. போய்ச் சேர்வது அதே கடல், அதே புயல் காலம். அவன் வாய் திறந்தது, மூடியது. பிறகு ஊர் வழக்கப்படி தலையை மட்டும் ஆட்டினான்.

உலகம்மாள் காதின் பின்னால் கையை வைத்தாள். மெய்மணியைப் பிய்த்தாள். இத்தனை வருஷம் ஒட்டியிருந்த இடத்தில் காற்றுப் பட்டுக் கூசியது. ஆண்பிள்ளை எதிரே முதன்முதலாக முந்தானை நழுவியதுபோல் வெட்கமாக இருந்தது. அதைச் சட்டைப்பைக்குள் போட்டாள். காதில் ஒட்டாத மணி வெறும் மிளகு.

"இப்ப சொல்லுங்க," என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். "உலகு, நெசமாத்தான் சொல்லுதியா? எனக்கே நிச்சயமாத் தெரியல. கடல்..."

"நான் அதக் கேக்கல. சொல்லுங்கன்னுதான் சொன்னேன்."

அவன் சொன்னான். குரல் நடுங்கியது, நன்றாகவே நடுங்கியது. "போயிட்டு வாரேன்."

"போயிட்டு வாங்க," என்றாள் அவள்.

அவன் மணி அவன் காதிலேயே இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டு அவன் கண் சுருங்கவில்லை. கையைத் தூக்கிக் காதைத் தொட்டுப் பார்த்தான், கழன்று விழுந்துவிட்டதோ என்று. இருந்தது. அவன் முகம் கோணிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டான். கூண்டு முனகிக்கொண்டு இறங்கி, மேகத்துக்குள் போய்விட்டது.

உலகம்மாள் சரிவுக்கு ஏறினாள். இரண்டு பூக்களில் முதலாவது இன்னும் பளிச்சென்று நின்றது. ஈ இரண்டாம்முறை விழுந்த பூ மட்டும் அதற்குள் வாடத் தொடங்கியிருந்தது. வாடினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். காய் முற்றி வெடிக்க வருஷம் ஒன்று ஆகும். தூசி மாதிரி விதை. அதில் எத்தனை எங்கே விழுந்து முளைக்கும், முளைக்காது என்று ஒரு நிச்சயமும் கிடையாது. அவள் பூவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் சொன்னபோது மணி அடித்திருக்குமா? அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு ஆசையில்லை என்று அவள் சொன்னால், கேட்கிறவர் காதில் கண்டிப்பாகக் கிண்ணென்று ஒலிக்கும்.

"எனக்கு ஆசையில்ல," என்று பூவிடம் சொன்னாள். மலையில் கேட்க யாரும் இல்லை.